கோடையில் வெட்டிய மூங்கில்

பெப்பு,
ஜூன் 8, 1968

அன்பு மகள் கியோனோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் கனாஸாவா மழையில் சளி இருமல் இல்லாமல் சுகமாயிருக்கிறீர்கள் என்று நம்பியே எழுதுகிறேன், மனசு சுகமா என்று மட்டும் என்னைக் கேட்காதே. இது பத்து நாள் முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம். காளான் பொட்டலத்துக்குள் ஏன் கடிதம் என்று திகைத்திருப்பாய். தந்தி அடித்தால் உன் மாமியார்தான் முதலில் பிரிப்பார், டெலிபோனும் அவர் அறையில்தான் இருக்கிறது, காளானைப் பிரிப்பவள் நீ ஒருத்திதான். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சில் நாங்கள் அனுப்பிய பூக்கூடை உளுத்துக்கொண்டிருக்கிறது. அதே மூங்கிலில் மிஞ்சிய பிளாச்சுகளை வைத்து அப்பா முடைந்த சின்னக் கூடை நம் வீட்டு மாடத்தில் தொங்குகிறது அல்லவா, அதன் கீழே மே மாதக் கடைசியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி கிடந்தது. அரிசிமாவு என்று நினைத்துத் துடைத்தேன், மறுநாளும் அதே இடத்தில் கிடந்தது. கறுப்புத் துணியை விரித்துக் கூடையைத் தட்டினேன், பொடியோடு எள்ளைவிடச் சின்னதாய் ஒரு வண்டு விழுந்து நடக்க ஆரம்பித்தது.

தப்பு என்னுடையது. போன வருஷம் நாடு முழுக்க மூங்கில் பூத்துச் செத்ததும் அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் உனக்குத் தெரியும். அந்த ஜூலையில்தான் உன் கடிதம் வந்தது, மூங்கில்காரன் மகள் வந்திருக்காளாம், பூ வைக்க ஒரு கூடைக்கு வக்கில்லை என்று உன் மாமியார் விருந்தாளிகள் முன்னால் சிரித்தார் என்று. அதைப் படித்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோயில் சரிவில் பூக்காமல் ஒரு புதர் மட்டும் பச்சையாய் நின்றது. மரம் வெட்ட ஆறாம் மாதம், மூங்கில் வெட்டப் பழங்கணக்கில் எட்டாம் மாதம், அதாவது கோடை போனபின் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், நான் கல்லூரியில் இரண்டு வருஷம் செடிகொடி படித்தவள், கோடை மூங்கிலில் இனிப்பு ஏறியிருக்கும், வண்டு தேடி வரும் என்று பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன். தெரிந்தேதான் வெட்டினேன். நானே வேகவைத்து, வெயிலில் வெளுக்கப் போட்டு, முந்தின குளிர்காலத்து மிச்சம் என்று அப்பாவிடம் பொய் சொன்னேன்.

இப்போது பதினெட்டாம் தேதித் தேநீர் விருந்துக்கு நாற்பது பேர் வருகிறார்கள், முதல்முறையாக மாமியார் உன்னையே பூ வைக்கச் சொல்லியிருக்கிறார், கூடையைத் திருப்பி அடியில் அப்பா பெயரை எல்லாருக்கும் காட்டப்போகிறார் என்று எவ்வளவு பூரிப்பாக எழுதியிருந்தாய். திருப்பினால் பொடி கொட்டும், கண்ணே. அதனால் நான் சொல்வதைச் செய். கூடையைக் கெட்டித் தாளில் சுற்றி வெளியே எடுத்துப் போ. அடியில் உள்ள பெயரைக் கத்தியால் சுரண்டிவிட்டுக் குளியலறை அடுப்பில் போடு. கேட்டால் எலி கடித்துவிட்டது என்று சொல்.

இதுவரை எழுதி முடித்தபோது அப்பா உள்ளே வந்துவிட்டார். இன்று நான் மறுபடி தட்டியதில் விழுந்து துணிமேல் ஊர்ந்த வண்டைப் பார்த்து, என்ன தமாயே, எள்ளுக்குக் கால் மொளச்சிருச்சா என்றார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உட்கார்ந்து, கத்தி வச்ச அன்னைக்கே தெரியும், குளிர்காலத்து மூங்கில் படார்னு பொளக்கும், இது ஈரத்துணி மாதிரி கிழிஞ்சுது, நீயே சொல்லுவேன்னு பாத்தேன், நீ சொல்லல, நானும் கேக்கல என்றார். தெரிந்துமா பெயரைப் பொறித்தீர்கள் என்று கத்திவிட்டேன். புள்ள தலை நிமிரணும்னு நீ வெட்டுன, அதுக்காகத்தான் நானும் முடைஞ்சேன், இப்ப பேரை மட்டும் எதுக்குச் சொரண்டணும், அது பேரோடவே எரியட்டும் என்றார்.

பிறகு இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தார். கூடை மூணு மாசமா எங்க இருந்துச்சுன்னு யோசிச்சியா என்று கேட்டார். நீயே எழுதியிருந்தாய், உங்கள் வீட்டுச் சாமான் அறையில், உன் மாமனார் விட்டுப்போன மூங்கில் தேநீர்க் கரண்டிகளுக்குப் பக்கத்தில். பழைய மூங்கிலை வண்டு அவ்வளவாகத் தொடாதுதான், தொடவே தொடாது என்று யார் சொல்ல முடியும்? எலி என்று சொல்லிவிட்டால் யாரும் அந்தக் கரண்டிகளை எடுத்துப் பார்க்க மாட்டார்கள். அவற்றில் பொடி விழுகிற நாளில் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே இந்தக் கடிதத்தை அடுப்பில் போடாதே, கியோனோ. இதை உன் மாமியார் கையில் கொடு. மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்து எடுத்தேன், வேண்டாம், அவர் சிரித்ததையும் அவரே படிக்கட்டும், நான் வெட்டியதையும் படிக்கட்டும். உன்னைக் கூடையோடு வாசலில் நிறுத்திவிடுவாரோ என்று பயமாயிருக்கிறது. இவளுக்கு ஒன்றும் தெரியாது, குற்றம் பெற்றவர்களுடையது என்று நான் அவர் காலில் விழுந்து எழுதுவதாகவே நினைத்துக்கொள்ளச் சொல்.

அப்பா இப்போது ஏணி போட்டுச் சமையல்கட்டுக் கூரையிலிருந்து மூங்கிலைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று தலைமுறைப் புகை குடித்தது, அதை எந்த வண்டும் தீண்டாது. எட்டு நாளில் முடியுமா என்று கேட்டால் கையை நீட்டிக் கத்தி கேட்கிறார். முடிந்தால் பதினேழாம் தேதி ரயிலில் கூடையோடு வருவார், முடியாவிட்டால் தலைகுனிந்து வெறுங்கையோடு வருவார், எப்படியும் வருவார். இந்தத் தாளில் கரி படிந்திருந்தால் ஊதிவிடு, அது நம் கூரையிலிருந்து உதிர்ந்தது.

தெய்வங்கள் உன் பக்கம் நிற்கட்டும், நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் ஒன்றாய் வாழுங்கள். காளான் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதே, ரசத்துக்கு ஆகும். கூடையைச் சாமான் அறைக்குள் வைத்துத் திருப்பாதே.

உன்னை நினைத்தே இருக்கும்
அம்மா தமாயே