அரிதட்டில் தங்கிய முட்கள்

ஐப்பசி, செவ்வாய் இரவு

மன்னார் தொல்லியல் அகழ்வில் கண்ணில் பட்ட எலும்புகளைக் கையால்தான் பொறுக்கினோம். எல்லாம் மாட்டெலும்பு. பண்டைக் காலத்தில் அங்கே வாழ்ந்தவர்கள் மீன் அதிகம் உண்ணவில்லை என்று அறிக்கை எழுதியவள் நான்.

இன்று வெள்ளவத்தை வீட்டில், அங்கிருந்து கொண்டுவந்த ஒரு பை மண்ணை அரிதட்டில் போட்டுக் கழுவினேன்.

"பிட்டு மா அரிக்கிற தட்டிலயோ?" என்று கத்திக்கொண்டு வந்த அக்கா, எட்டிப் பார்த்தாள். தட்டு நிறைய, கையில் அகப்படாத ஊசி போன்ற சூடை மீன் முள்.

"கடற்கரைச் சனம் மீன் தின்னேல்லை எண்டோ எழுதினனீ? போய் மிச்ச மண்ணையும் அரியன்."

எங்கே போக? நாங்கள் அரிக்காமல் குவித்துவிட்டு வந்த மண்ணைப் படையினர் சாக்குகளில் நிரப்பிக் காவலரண் கட்டியிருக்கிறார்களாம்.

அந்தப் பக்கம் இன்றும் ஷெல் அடி என்று வானொலி சொன்னது. சாக்குகள் கிழிந்திருக்கும்.