மீன் இல்லாத மீன்தொட்டி

தான்தோன்றீஸ்வரர் துணை

முத்தையன்கட்டு,
ஒட்டுசுட்டான்.
ஆவணி 26

அன்பு மகன் சுகிர்தனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நாங்கள் இங்கே இருக்கிறோம். நீயும் மருமகள் சிவரூபியும் நோர்வேயில் சுகமாக இருக்கிறீர்கள் என்பதை, நான் அனுப்புகிற ஒவ்வொரு குரல் செய்திக்கும் நீ திருப்பி அனுப்புகிற அந்தக் கட்டைவிரல் படத்தைப் பார்த்து அறிந்து கொள்கிறேன். பத்து மாதம் சுமந்து பெற்றவளுக்கு ஒரு விரலாவது காட்டுகிறாயே, சந்தோசம். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய், சிரி. போனில் கதைக்கலாம் என்றால் உன் அப்பா அதைப் பறித்து ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நேரே தொட்டியடிக்குப் போய்விடுகிறார், பிறகு தகப்பனும் மகனும் தண்ணீரைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பீர்கள், நான் குசினி வாசலில் அகப்பையோடு நின்று கேட்பேன். அவர் காதில் விழாமல் உனக்கு ஒரு விசயம் சொல்ல வேண்டும், அதற்குத் தாளையும் பேனையையும் விட்டால் வேறு வழி இல்லை. எழுதி முடித்ததும் உன் மச்சான் ஜனார்த்தனன் இதைப் படம் பிடித்து அனுப்புவான். விரல் போடாமல் கடைசிவரை வாசி.

முதலில் ஊர்ப்புதினம். மழை இல்லை. யானை போன கிழமையும் வந்து நீ நட்டுவிட்டுப் போன தென்னம்பிள்ளைகளில் மிச்சமிருந்த இரண்டையும் சாப்பிட்டுவிட்டுப் போனது, அதுவாவது வீட்டுக்கு வந்து போகிறது. வயலை இந்தப் போகமும் ஜனார்த்தனன்தான் செய்கிறான், ஏனென்றால் அப்பா வரம்பில் கால் வைக்கக்கூடாது என்று யாழ்ப்பாணத்து டொக்டர் சொன்னது உனக்குத் தெரியும். நெஞ்சுக்குள் மூன்று குழாய் அடைத்திருக்கிறது, ஒப்பரேசன் செய்துதான் ஆக வேண்டும் என்று தை மாதம் சொன்னார்கள். அதைக் கேட்டதும் பெற்ற பிள்ளை என்ன செய்யும், ஓடி வரும். நீ மீன்தொட்டி அனுப்பினாய். அப்பாவுக்கு மனம் அமைதியாக இருக்கும் அம்மா, பயம் தெரியாது, நானும் வீட்டில் வைத்திருக்கிறேன் என்றாய். அதுவும் சும்மா தொட்டியா, உப்புத்தண்ணீர்த் தொட்டி. வாசலில் வாய்க்கால், பின்னுக்குக் குளம், சுற்றிவர நல்ல தண்ணீர், அதற்கு நடுவில் எங்களுக்குக் கடல் வேண்டுமாம். பெட்டியைப் பிரித்தால் மோட்டார், விளக்கு, ஓட்டை ஓட்டையாக வெள்ளைக் கல்லு, அதோடு ஒரு வாளி உப்பு. ஆனையிறவில் உப்பு விளைகிற நாட்டுக்கு நோர்வேயில் இருந்து உப்பு அனுப்பிய முதல் ஆள் நீயாகத்தான் இருக்கும்.

அப்பா உன் உப்பைத் தொடவில்லை. "கடல் கிடக்கேக்க உப்பைக் கரைக்கிறதோ" என்று ஜனார்த்தனனின் பட்டா லொறியில் ஏறிக் கொக்கிளாய்க்குப் போய்ப் பன்னிரண்டு பிளாஸ்டிக் கானில் கடலை அள்ளிக்கொண்டு வந்தார். முன் விறாந்தையில் தொட்டியை வைத்து, நிரப்பி, தூசி விழாமல் இருக்கத் தன் வெள்ளை வேட்டியால் மூடினார். அது நல்ல வேலைதான், ஆனால் அவர் அதைச் செய்தது வைகாசியில். அந்த மாதத்தில் கடல்தண்ணீர் எதற்கு ஊருக்குள் வரும் என்று உனக்கு மறந்திருக்காது, வற்றாப்பளை அம்மாளின் பொங்கலுக்கு எண்ணெய்க்குப் பதிலாக ஊற்றி விளக்கெரிக்கத்தான் வரும். நானும் அப்பாவும் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறோம், முன்வீட்டு ஜெகதீஸ்வரி விறாந்தையில் கற்பூரம் கொளுத்தியிருக்கிறாள், வேட்டிக்கு மேலே பூ, தண்ணீருக்குள்ளே ஒரு கிண்ணம் மஞ்சளும் ஒரு கொத்து வேப்பிலையும். "அக்கா, நேத்திக்கடன் வைச்சனீங்கள் எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்று என்னோடு கோபம் வேறு. பின்னால் தீர்த்தம் வாங்க நாலு பேர் போத்தலோடு நிற்கிறார்கள். அப்பா மோட்டாரையும் கல்லையும் காட்டி, இது மீனுக்கு என்று சொல்ல, ஜெகதீஸ்வரி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு "மீன் எங்கை அண்ணை?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்றைக்குவரை இந்த வீட்டில் பதில் இல்லை. மஞ்சள்தண்ணீரை எல்லாம் வாழைக்கடியில் ஊற்றினால் வாழை கருகும் என்று ரோட்டோரம் ஊற்றிவிட்டு, மறுபடி கொக்கிளாய்.

பிறகு உன்னுடைய ஆறு கிழமை தொடங்கியது. மீன் விடக்கூடாது, வெறும் தண்ணீரும் கல்லும் இருக்க வேண்டும், அதற்குள் ஒரு இறாலைப் போட்டு அழுகவிட வேண்டும், அழுகலில் இருந்து நஞ்சு வரும், அந்த நஞ்சைத் தின்னுகிற கிருமி கல்லில் குடியேறும், குடியேறி முடிந்தால்தான் தண்ணீர் மீனுக்கு ஆகும் என்று நீ விளங்கப்படுத்தினாய். நாங்கள் சமைக்கிற இறாலை அழுகவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பதற்குப் பெயர் மன அமைதி என்று அன்றுதான் படித்தேன். குழாய்க்குள் கொஞ்சத் தண்ணீர் எடுத்து நீ அனுப்பிய மருந்தைச் சொட்டுவிட்டால், நஞ்சு இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். இதெல்லாம் எனக்கு எதற்கு என்று கேட்பாய். உன் அப்பா ஆனி மாதத்து ஒப்பரேசன் திகதிக்குப் போகவில்லை, "தொட்டியை இந்த நிலையில விட்டுட்டு எப்பிடிப் போறது, மஞ்சள் வரட்டும், அடுத்த நாளே போறன்" என்று ஜனார்த்தனனுக்கு முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அதற்காகத்தான். நீயும் போனில், சரி அப்பா, மீன் விட்டிட்டே போங்கோ என்றாய். கெட்டிக்காரன்.

ஆடியிலும் ஒரு திகதி வந்தது, போனது. பச்சை கொஞ்சம் கொஞ்சமாக வெளிறும், இன்னும் இரண்டு நாளில் மஞ்சள் என்று நான் உடுப்புப் பையைத் தட்டி எடுப்பேன், அடுத்த நாள் பார்த்தால் வேப்பிலை மாதிரிப் பச்சை. இப்படி மூன்று தரம். வீடு நாறுகிறது, வருகிற சனம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தேத்தண்ணி குடிக்கிறது. நீ அங்கிருந்து காரணம் காரணமாகக் கண்டுபிடித்தாய். கல்லுச் சரியில்லை என்றாய், மோட்டார் வேகம் காணாது என்றாய், எங்கள் ஊர் வெயில் கூட என்றாய், கரண்ட் நிற்கிறது என்றாய், ஜெகதீஸ்வரியின் மஞ்சள் இன்னும் போகவில்லை என்று அந்தப் பாவியையும் இழுத்தாய். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஐந்து காரணம் சொன்னாய் மகன், ஆறாவது காரணம் சாரம் கட்டிக்கொண்டு உன்னோடு ஸ்பீக்கரில் கதைத்துக்கொண்டிருந்தது.

குழம்புக்கென்று ஜனார்த்தனன் கொண்டுவந்து தருகிற இறாலை நான் பிரிட்ஜில் எண்ணி வைப்பதில்லை, ஆனால் கறியில் தெரியும். இரண்டு மூன்று தரம் குறைந்தது. பூனைக்குப் பழியைப் போட்டு அதற்கு ஒரு கிழமை மீன்தலை கொடுக்கவில்லை. பிரிட்ஜ் கதவைத் திறந்து, எடுத்து, திரும்பவும் மூடிவிட்டுப் போகிற பூனை எங்கே இருக்கிறது என்று யோசிக்க எனக்கும் புத்தி வரவில்லை. இந்த மாதம் எட்டாம் திகதி விடியப்புறம் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டப் போனவள், விறாந்தையில் விளக்கு எரிகிறதே என்று எட்டிப் பார்த்தேன். உன் அப்பா முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் விட்டு, வரம்பு உடைப்பில் சேறு வைத்து அடைக்கிற மாதிரிக் கல்லுக்குப் பின்னால் ஒரு இறாலைச் செருகிக்கொண்டு நின்றார். அவ்வளவு பக்குவம். முதல்நாள் பின்னேரம் தண்ணீர் கிட்டத்தட்ட மஞ்சள், நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

கத்தியிருப்பேன், வாயில் வந்தது. ஆனால் அந்த முதுகைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டேன். திரும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன். மத்தியானம் மிச்ச இறால் முழுவதையும் குழம்பு வைத்து அவர் கோப்பையில் போட்டுவிட்டு, "இஞ்சாருங்கோ, ஒண்டு குறையுது, பூனையைக் கேட்டனான், தான் இல்லையாம்" என்றேன். பிசைந்த கை நின்றுவிட்டது. பிறகு, "விமலா, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். யானை வெடி கொளுத்திக்கொண்டு காட்டுக்கரை வரை துரத்திப் போன மனிசன். நான் பார்த்தபடி இருக்க, "சண்டை நேரம் செல்லடிக்குள்ள எண்டால் உங்களை இழுத்துக்கொண்டு ஓடலாம், ஓடினனான்தானே. இதில ஓடேலாது. படுத்துக் கிடக்க வேணும்" என்றார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், அவருக்கு முன்னாலேயே. நாற்பத்தொரு வருசத்தில் இந்த வாயால் அவரை எத்தனை சொல்லியிருப்பேன், அன்றைக்கு எழும்பி நேரே தொட்டியடிக்குப் போனேன். கல்லுக்குப் பின்னால் கையை விட்டு அழுகினது எல்லாவற்றையும் நானே எடுத்தேன், ஐந்து கிடந்தது. பூனைக்கு அன்று இரண்டு மீன்தலை.

முந்தநாள் சொட்டுவிட்டுப் பார்த்தார், மஞ்சள். நேற்றும் மஞ்சள். இன்று காலை என்னையும் கூப்பிட்டுக் காட்டினார், எலுமிச்சம்பழ மஞ்சள், ஒரு சாட்டும் இல்லாத மஞ்சள். டொக்டர் கடைசியாகத் தந்த திகதி புரட்டாதி பதினெட்டு, இதையும் விட்டால் பிறகு தன்னிடம் வர வேண்டாம், வந்தும் பிரயோசனம் இராது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்ற உன் அப்பா, என்னைப் பார்க்காமல், "தம்பி வாறானோ?" என்று கேட்டார். அறுபத்தெட்டு வயதில் அவர் உன்னை வரச்சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை, நீயும் அந்தத் துணிவில்தான் இருக்கிறாய். போன வருசம் நான் கேட்டபோது, நான் வந்தால் என்ர மீனை ஆர் பாக்கிறது அம்மா என்று நீ சொன்னது எனக்கு அப்போதே நினைவு வந்தது. தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே சாட்டு, தொட்டி மட்டும் வேறு. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. "ஓம், வாறான்" என்று சொல்லிவிட்டேன். "அப்ப சரி" என்றார். இதை நான் எழுதிக்கொண்டிருக்க, உள்ளே இரண்டு சாரமும் ஒரு துவாயும் மடித்துப் பையில் வைக்கிற சத்தம் கேட்கிறது.

உன் மீன்களைச் சிவரூபி பார்த்துக்கொள்வாள், இல்லாவிட்டால் பக்கத்துவீட்டு வெள்ளைக்காரரிடம் கொடு. குளிருக்குத் தலை துவட்டாமல் வெளியே போகாதே. வரும்போது சொக்லேட்டும் வேண்டாம், உப்பும் வேண்டாம், எங்களிடம் ஒரு வாளி அப்படியே கிடக்கிறது. தொட்டிக்கு முதல் மீனை நீ வந்துதான் விட வேண்டுமாம், அதுவரைக்கும் அப்பா ஜனார்த்தனனைக்கூட மீன் விட விடமாட்டாராம். தான்தோன்றீஸ்வரரும் வற்றாப்பளை அம்மாளும் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் வைத்திருக்க வேண்டும். புரட்டாதி பதினேழாம் திகதி பின்னேரத்துக்கு முன் வீட்டு வாசலுக்கு வந்து சேர், மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பாவிடம் இதுவரை பொய் சொல்லியிராத
அம்மா
க. விமலேஸ்வரி