மண்சரிவு நோட்டீசின் திருவிழா எழுத்து

ஞாயிறு, இரவு

"எழுத்துக்கும் முகம் இருக்குங்களா டீச்சர்?" என்று முன்பு வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். இன்று சிரிப்பு வரவில்லை.

பெல்மதுளை அச்சுக் கடையில் அடித்த மண்சரிவு எச்சரிக்கையை தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். மழை வலுத்தால் பாடசாலைக்குப் போய்ப் படுக்கச் சொல்கிறது. எழுத்தோ திருவிழாவுக்குப் போடுவது. ஒவ்வொன்றின் அடியிலும் செங்கல் போலத் தடித்த பாதம், நுனியில் சுருள். தேருக்கும் மிட்டாய்க் கடைப் பலகைக்கும் அதைப்போல அழகு வேறில்லை. இங்கே அது எழவு வீட்டில் கல்யாண மேளம் அடித்த மாதிரி.

கடைசி லயத்து லெட்சுமியிடம் கேட்டேன். "மியூசிக் ஷோ நோட்டீஸ்னுல்ல நெனச்சோம்ங்க டீச்சர்" என்றாள். வாசித்துக் காட்டினேன். அவள் புருஷன் சிரித்தார். "இப்படி ஆடுற எழுத்துலயா டீச்சர் சாவு வரும்னு சொல்லுவாங்க?" போக மாட்டோம் என்றுவிட்டார்கள். பிள்ளைகளும் அவர்களோடு அந்த லயத்து அறையில்தான்.

நாளை அச்சுக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்: அச்சடிக்குமுன் பத்தடி தள்ளி நின்று, வாசிக்காமல் வெறுமனே பாருங்கள், எழுத்தின் முகம் எச்சரிக்கிறதா என்று.

தகரத்தில் மழை வலுத்துவிட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர்களை எழுப்பப் போகிறேன்.