பிள்ளை கேட்டா நிப்பாட்டணும்

மதுரையில் உன் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போகவேண்டும் என்று காலையில் பரணிலிருந்து அந்த நீலப் பையை இறக்கினேன். நீ போனபிறகு அதை நான் எடுக்கவே இல்லை. பக்கவாட்டு ஜிப்பைத் திறந்ததும் பவுடர் வாசனையும் பஸ்ஸின் டீசல் வாசனையும் கலந்து அடித்தது. உள்ளே உன் பழைய சுங்குடிச் சேலையில் கிழித்த ஒரு துண்டு, மடித்தது மடித்தபடி. அதற்குள் நம் பாப்பாவின் ஜட்டி ஒன்று, என் உள்ளங்கை அளவுகூட இல்லை. கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரைக்குப் பஸ்ஸுக்கா பஞ்சம், அடுத்ததில் போய்க்கொள்ளலாம்.

ஊருக்குக் கிளம்புகிறோம் என்றால் உனக்குச் சேலை நகையெல்லாம் அப்புறம்தான். முதலில் இந்தப் பை. மாற்றுத் துணி, கழுவ ஒரு பாட்டில் தண்ணீர், குடிக்க ஒரு பாட்டில், ஈரத்துணியைப் போட ஒரு கவர், மறைப்புக்கு இந்தத் துண்டு. "விசேஷத்துக்குப் போறமா, வீடு மாத்திப் போறமா?" என்று கேலி செய்வேன். "சிரிங்க மாமா. பிள்ளை நனைச்சுக்கிட்டு நின்னா உங்க வேட்டியக் கிழிச்சா கட்டிவிட முடியும்?" என்பாய். என் அம்மா, கிளம்புகிற நேரத்தில் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று சொன்னால் உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பச்சப் பிள்ளை நாக்கு வறண்டா வரணும்? வந்தா இறக்கிவிட்டுட்டுப் போறோம். இதுல என்ன இருக்கு?"

வீரபாண்டித் திருவிழாவில் ஒருமுறை ராட்டினத்துக்குப் பக்கத்தில் பாப்பா நெளிய ஆரம்பித்துவிட்டாள். நீ கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு பொரிக்கடைக்குப் பின்னால் போனாய். துண்டின் இரண்டு முனைகளையும் என் கையில் கொடுத்து, "இப்படி விரிச்சுப் பிடிங்க, மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கங்க" என்றாய். கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். "அண்ணே, உங்க வீட்டுலயும் பிள்ளைக இருக்கும். கழுவிவிட்டுட்டுத்தான் போவேன்" என்றாய். கொஞ்ச நேரத்தில் அவரே ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். எனக்குக் கூச்சத்தில் காதெல்லாம் சுட்டது. மண்டியில் தக்காளி ஏலம் விடுகிறவன் நான், என் சத்தம் தெருமுனைவரை கேட்கும். ஆனால் இந்த மாதிரி இடத்தில் ஒரு வார்த்தை வராது. அதெல்லாம் உன் இலாகா என்று விட்டிருந்தேன்.

அந்த இலாகாவை என் தலையில் போட்டுவிட்டு நீ போய்ச் சேர்ந்தாய். காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை. பாப்பாவுக்கு அப்போது நாலு வயது நடந்துகொண்டிருந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின் கம்பத்திலிருந்து உன் அம்மா வந்தார். "மாப்ள, தப்பா நினைக்காதீக. சோறு பொங்கிருவீக, சடை பின்னவும் பழகிருவீக. வெளிய போற எடத்துல பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்தா என்ன செய்வீக? ஆம்பளைக பக்கம் கூட்டிப் போவீகளா, பொம்பளைக பக்கம் போவீகளா? பொம்பளப் பிள்ளை, எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். பாசத்தில்தான் கேட்டார். தேனி பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையில் அந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் ஏற்கெனவே நின்றுவிட்டு வந்திருந்தேன். ஆண்கள் பக்கம் போனேன். வரிசையாக நின்றவர்களைப் பார்த்ததும் அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெண்கள் பக்கம் போய் யாரிடமாவது கேட்க எனக்கு வாய் எழவில்லை. வீடு வரும்வரை அடக்கிக்கொண்டே வந்தாள்.

அதிலிருந்து, வெளியே போகிறோம் என்றாலே தண்ணீர் டம்ளரைத் தள்ளிவிட ஆரம்பித்தாள். அடிவயிறு வலிக்கிறது என்று ஒருநாள் சுருண்டு படுத்தாள். பிள்ளை அடக்கப் பழகிக்கொண்டது, இதை வளரவிடக்கூடாது என்றார் டாக்டர். எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. கம்பத்தில் உன் அண்ணன் மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். அதற்கு வரும்போது பாப்பாவின் துணிமணிகளையும் கொண்டுவந்து, அவளை அங்கேயே விட்டுவிடுகிறேன் என்று அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

காதுகுத்துக்குப் போன பஸ்ஸில் நல்ல கூட்டம். பாப்பா என் மடியில் கப்சிப்பென்று உட்கார்ந்திருந்தாள். சின்னமனூர் தாண்டியதும் காலைப் பின்னிக்கொண்டு, என் காதில், "அப்பா, வருது" என்றாள். கண்டக்டரைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன். "இந்தா, உத்தமபாளையம் வந்துரும்ணே. ஸ்டாண்டுல போய்க்கிரலாம்" என்று அவர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார். அங்கேயும் இரண்டு வாசல்கள் இருக்கும், நடுவில் நான் நிற்பேன், இவள் அடக்கிக்கொள்வாள். அப்புறம் கம்பம், அதோடு இவள் என் கையைவிட்டுப் போய்விடுவாள். என்ன நினைத்தேனோ, எழுந்து நின்றேன்.

"டிரைவரண்ணே, என் மகளுக்கு ஒண்ணுக்கு வருது. பிள்ளை தாங்க மாட்டா. வண்டிய நிப்பாட்டுங்க."

தக்காளிக்கு விடுகிற அதே குரல். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவர் ஒரு திராட்சைத் தோட்டத்தின் ஓரமாக வண்டியை ஒதுக்கினார்.

நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்க, பின்னாலேயே ஒரு வயதான அம்மா கம்பியைப் பிடித்து இறங்கினார். "தம்பி, நானும் ஒதுங்கிட்டு வந்துர்றேன். வீட்டுல இருந்து அடக்கிக்கிட்டே வாரேன்" என்றார். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அப்புறம் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர், தலையைக் குனிந்துகொண்டு. அப்புறம் இன்னும் சிலர். "பிள்ளை சாக்குல நமக்கும் ஆச்சு" என்று யாரோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். "நீங்க உங்க பிள்ளையப் பாருங்க, நாங்க அங்கிட்டுப் போயிக்கிறோம்" என்று அந்த அம்மா எல்லாரையும் திராட்சைப் பந்தலின் மறுபக்கம் கூட்டிப்போனார்.

நான் பாப்பாவைப் பந்தலின் ஒரு கல்தூணுக்குப் பின்னால் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டேன். "விட்டுறாதீகப்பா, விழுந்துருவேன்" என்றாள். விடவில்லை. முடிந்ததும், கையிலிருந்த குடிதண்ணீரிலேயே கழுவிவிட்டேன். மிச்சத் தண்ணீரை அவளே வாங்கி மடமடவென்று குடித்தாள்.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் பிள்ளைக்கு அத்தனை தண்ணீர் கொடுப்பாயே, நீ உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. இளநீர் வாங்கி நீட்டினால், "எனக்கு வேணாம் மாமா, நீங்க குடிங்க" என்பாய். உனக்குப் பிடிக்காது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். பந்தலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒவ்வொருவராக, முகம் தெளிந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு வருவதைப் பார்த்தபோது எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளைக்காக ஊரையே நிறுத்தியவள், உனக்காக ஒரு பஸ்ஸைக்கூட நிறுத்தச் சொன்னதில்லை.

காதுகுத்து வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேரும்போது பந்தி ஆரம்பித்துவிட்டது. ஏன் தாமதம் என்று அத்தை கேட்டதும் பாப்பா முந்திக்கொண்டாள். "அம்மாச்சி, அப்பா கத்தி பஸ்ஸ நிப்பாட்டிட்டாக. நான் போனேன். பஸ்ஸுல வந்த ஆச்சி, அக்காமாரு எல்லாரும் போனாக." பந்தியில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இலை போடப் போய்விட்டார்.

சாயங்காலம் நான் கிளம்ப எழுந்தேன். பாப்பாவின் துணிப்பை அவிழ்க்கப்படாமல் அப்படியே கிடந்தது. அத்தை அதைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"கூட்டிட்டுப் போங்க மாப்ள."

"நீங்கதான அத்தை, இங்கன இருக்கட்டும்னு சொன்னீக?"

"சொன்னேன். அப்ப உங்களுக்கு வாய் இல்ல. இப்ப வந்துருச்சு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "லீவுக்கு மட்டும் அனுப்பிவிடுங்க, அது போதும்."

வந்த சனங்களுக்கு முன்னால் நான் அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

திரும்பும்போது கம்பத்தில் பஸ் ஏறியதும், சீட்டைத் தேடாமல் நேரே டிரைவரிடம் போனேன். "அண்ணே, வழியில எங்கனயாச்சும் ரெண்டு நிமிசம் நிப்பாட்டணும்" என்றேன். "பிள்ளைக்கா?" என்று பாப்பாவைப் பார்த்துக் கேட்டார். "பிள்ளைக்கும்தான், இறங்கணும்னு நினைக்கிற எல்லாருக்கும்தான்" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

அன்றிலிருந்து எந்தப் பஸ்ஸில் ஏறினாலும், பாப்பா கூட இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதைக் கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். எரிந்து விழுகிற டிரைவர்களும் உண்டு, நிறுத்துகிறவர்களும் உண்டு. அன்று கம்பத்து டிரைவரிடம் ஒன்றைச் சொல்லவில்லை. உனக்கும் சேர்த்துத்தான் கேட்டேன்.