மூன்று முறை தோற்ற ஆட்டம்

அன்புள்ள சாவித்ரிக்கு, உன் இருமல் குறைந்ததா?

"ரிட்டயர் ஆன பொறவும் அங்க போயி, சனி ஞாயிறு தனியா என்ன செய்வீங்க?" என்று கேட்டாயே. இந்த ஆரியசாலை லாட்ஜில் தங்கியிருக்கும் எல்லோரும் சேர்ந்து டி.வி.யில் கால்பந்து பார்ப்போம். இந்த வாரம் மழையால் ஆட்டங்கள் ரத்து. பொழுது போகாமல், கேரளா தோற்ற பழைய இறுதிப்போட்டி ஒன்றைப் பக்கத்து அறை ஜெயன் போட்டான். எதிர் அறை வேலாயுதன் அண்ணாச்சிக்கு மறதி நோய்.

"லைவ்தான் கேட்டோ, அண்ணாச்சி!" என்று ஜெயன் அவரை நம்பவைத்தான்.

தோற்றதும் அவர் அழுதார். டீ குடித்ததும் மறந்தார். மறுபடி போட்டார்கள்; மறுபடி அழுதார். மூன்றாம் முறை என் கையைப் பிடித்து, "இன்னைக்கு நம்ம ஜெயிப்போம்லா, சாரே?" என்றார். "ஜெயிப்போம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இந்த மாதம் இரண்டாவது முறையாகக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டேன், பழையதை அனுப்பிவை. டியூஷன் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

நானும் மறக்கத் தொடங்கினால், ஆட்டத்தின் முடிவை முதலிலேயே சொல்லிவிடு.

உன்,
சங்கரலிங்கம்