கால் ஆடும் நாற்காலி

ஜூலை 11, சனி.

என் பார்க்கிங்கில் காரை நிறுத்துவது எங்கள் ஃபிளாட் சங்கச் செயலாளர். மன்னிப்புக் கேட்டது நான். இன்று கூட்டத்தில் அவரே கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, "கத்தினதுக்கு ஒரு சாரி சொல்லிடுங்க டீச்சர், சமாதானமா போயிடலாம்" என்றார். சொன்னேன். கைதட்டினார்கள்.

நேற்றுதான் பத்தாம் வகுப்புக்கு நடத்தினேன். முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி, பிரான்ஸின் ரயில் பெட்டி ஒன்றில் உட்கார்ந்து போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டது. அடுத்த போரில் பிரான்ஸ் தோற்றதும், அருங்காட்சியகத்திலிருந்த அதே பெட்டியை இழுத்துவந்து, அதிலேயே பிரான்ஸை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியது ஜெர்மனி.

அடுத்த மாதம் சங்கத் தேர்தல். நிற்கப் போகிறேன்.

கூட்டம் முடிந்ததும் அந்த நாற்காலியை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். "கால் ஆடிக்கினு கீதேம்மா, தூக்கிப் போட்டுடவா?" என்றார் வாட்ச்மேன்.

"வேணாம்ப்பா. செயலாளர் சாருக்கு வேணும்."