நாற்பத்தொன்றாவது வரி

மார்ச் 4

இன்றும் திரை முழுக்கச் சிவப்புக் கோடு. சிப்பைச் செய்யும் முன் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்க்கிற எங்கள் சிமுலேட்டர் ஓர் இலவச டூல்தான், ஆனால் பிடிவாதத்துக்குக் குறைச்சலில்லை. கரண்ட் வந்ததும் சிப்பில் ஓரிடத்தில் என்ன மதிப்பு இருக்கும் என்று தெரியாவிட்டால் அந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டும். நான் செய்வது மூச்சுக் கருவியின் அலாரம் சிப். நாளை முதலாளி பார்க்க வருகிறார். சோதனை ஃபைலில் ஒரு வரி சேர்த்தேன்: தொடக்கத்தில் எல்லாமே பூஜ்யம். நாற்பத்தொன்றாவது வரி. சிவப்பு போயே போச்சு!

நிஜ சிப்பில் யார் பூஜ்யம் ஆக்குவார்கள்? அதை அடுத்த வாரம் டிசைனிலேயே சேர்த்துவிட வேண்டும்.

மார்ச் 5

முதலாளி திரையைப் பார்த்துவிட்டு, "சபாஷ், சிப் அடிக்க அனுப்பிடலாம்" என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 19

எங்கள் கருவியில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஒரு தையல்காரர் போய்விட்டார். மத்தியானம், வீட்டில். கரண்ட் ஒரு நொடி போய் வந்திருக்கிறது. பிறகு குழாய் கழன்றிருக்கிறது. அலாரம் அடிக்கவில்லை. அவர் மனைவி பக்கத்து அறையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாராம். "சத்தமே வரலைம்மா" என்று போனில் என்னிடமே சொன்னார்.

பழைய ஃபைலைத் திறந்து அந்த வரியை எடுத்தேன். அலாரம் இருக்கிற இடம் முழுக்கச் சிவப்பு. மறந்துட்டேன். ஐயோ, அந்த அடுத்த வாரத்தை மறந்தே போயிட்டேன்.

ஆகஸ்ட் 21

மிச்சக் கருவிகளையெல்லாம் திரும்ப வாங்கியாகிவிட்டது. அந்த மட்டுமாவது நடந்தது.

முதலாளியிடம் சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "ஓசி டூல்தானம்மா, தப்பா காட்டியிருக்கு. விசாரணைக்கு அப்படியே எழுதிக் குடுத்துடு. கம்பெனியும் பொழைக்கும், நீயும் பொழைப்ப."

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து கோணாமல் விழுந்தது. வெட்கங்கெட்ட கை.

ஆகஸ்ட் 24

டூலை எழுதியவரிடமிருந்து மெயில். நான் விசாரணைக்கு எழுதிக் கொடுத்தது அவருக்கும் எட்டியிருக்கிறது. பகலில் தபால் ஆபீஸ் குமாஸ்தா, மிச்ச நேரத்தில் பத்து வருஷமாக இதைப் பார்த்துக்கொள்கிறவர். எங்கள் இணையக் குழுவில் எல்லாருக்கும் அவர் தபால்காரர். நான் கேட்ட அசட்டுச் சந்தேகத்துக்கெல்லாம் சலிக்காமல் பதில் போட்டவர். "ஒரு உசிரு போயிருக்கும்மா. என் தப்பு எங்கன்னு நான் பார்த்தாகணும். உங்க ஃபைலை அனுப்புங்க."

டிசைனைத் திருத்திவிட்டு, இதுதான் பழையது என்று சொல்லி அனுப்பினேன்.

அடிப்பாவி.

செப்டம்பர் 6

தபால்காரர்: "பன்னெண்டு நாளா பார்த்துட்டேன். உங்க டிசைன்ல ஒரு குறையும் இல்ல. அப்ப தப்பு என் டூல்லதான். அது எங்கன்னு கண்டுபிடிக்க எனக்குத் துப்பில்ல."

செப்டம்பர் 9

டூலின் இணையப் பக்கத்தில் இப்போது இரண்டே வரி. இதை யாரும் பயன்படுத்த வேண்டாம். இதனால் ஒருவர் இறந்திருக்கிறார்.

அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். "செத்தவரோட சேர்த்து இவரையும் புதைக்கிறியாடி?" அதற்கப்புறம் பேசவே இல்லை.

செப்டம்பர் 10

விசாரணைக்கும் குழுவுக்கும் தையல்காரர் மனைவிக்கும் எழுதிவிட்டேன். நிஜ ஃபைலும் போய்விட்டது. முதலாளி அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். "உன்ன நம்பினேனே" என்றார். அதில் பொய் இல்லை.

செப்டம்பர் 14

தபால்காரர்: "ஓட்டிப் பார்த்தேன். அந்த வரியை எடுத்தா சிவப்பு சரியாத்தான் வருது." அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 30

டூலை அவர் இன்னும் திரும்ப வெளியிடவில்லை. குழுவில் ஒருவர் ஏன் என்று கேட்டதற்கு அவர் எழுதியிருக்கிறார்: "டூல் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் தொடவே பயமா இருக்கு."

நாளை விசாரணை. தையல்காரர் மனைவியும் வருகிறாராம். அக்கா பேசாமலே என் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். அதில் ஒரு பட்டன் இல்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.